தரைக்கு வந்த குதிகால்



ஆசிரியர் பக்கத்தில் போய் யாராவது ஷூவைப் பற்றி எழுதுவார்களா என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். மூத்த உதவி ஆசிரியருக்கு இதில் உடன்பாடே இல்லை. "வாசல்ல விடற சமாச்சாரத்தைக் கொண்டுவந்து முதல் பக்கத்துல வைக்கிறீங்களே மேடம்" என்றார். நியாயமான ஆட்சேபம்தான். நம் ஊரில் செருப்புக்கு அவ்வளவுதான் மரியாதை. ஒரு சேலைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம், அதற்குப் பொருத்தமாக வளையல் தேடுகிறோம், செருப்பை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்ற நிலையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வருடம் முழுக்க நம் மொத்த எடையையும் சுமக்கப்போவது அதுதான். அவருடைய ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டேன். எழுதவும் தொடங்கிவிட்டேன்.

வேலைக்கு வந்த நாளிலிருந்து குதி உயர்ந்த செருப்பில்தான் நடந்திருக்கிறேன். பென்சில் ஹீல்ஸ் எல்லாம் நமக்குச் சரிப்படாது. சேலைக் கொசுவம் தரையைப் பெருக்காமல் இருக்க இரண்டு அங்குல உயரம், அவ்வளவுதான். காலை நடைக்கென்று ஒரு ஷூ உண்டு. அதிலும் குதிகால் பக்கம் மெத்தை தடிமனாகவும் விரல் பக்கம் மெலிந்தும் இருக்கும். இப்படியே பழகிப்போன காலில், அடிப்பாகம் முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்கும் ஷூவை இந்தக் கோடையில்தான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தேன்.

சிபாரிசு செய்தவர் எங்கள் பக்க வடிவமைப்பாளர் தம்பி. மாரத்தான் ஓடுகிறவர். மதியச் சாப்பாட்டு வேளையில் நான் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு விரல்களைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. "தட்டை சோல் ஷூ ஒண்ணு போட்டுப் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா விட்டுடுங்க. ஆனா முதல் நாளே அதைப் போட்டுக்கிட்டு மெரினாவை அளக்காதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

கடையில் அந்த ஷூவை எடுத்து வைத்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முன்பக்கம் வாத்துக்கால் மாதிரி விரிந்து கிடந்தது. கையால் மடக்கினால் சோல் இரண்டாக மடிந்தது, முறுக்கினால் முறுகியது. பெட்டியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காலை நுழைத்து, லேஸ் கட்டி, எழுந்து நின்றேன். குதிகால் தரைக்குக் கீழே போய்விட்ட மாதிரி ஓர் உணர்வு. உடம்பு பின்பக்கமாகப் போகிறது. பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, பின்னால சாயுதே?"

"ஷூ நேராத்தான் மேடம் இருக்குது. இத்தனை நாளா நீங்கதான் முன்னால சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இருந்தீங்க."

இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். உடற்கூறு படித்தவரில்லை. ஆனால் டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். குதிகாலை உயர்த்தி வைத்தால் உடம்பு முன்னால் சரியப் பார்க்கும். அப்படிச் சரியாமல் இருக்க, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். வருடக்கணக்கில் இப்படி நின்றால் அந்தச் சரிக்கட்டல்தான் நேர் என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. நிஜமாகவே நேராக நிறுத்தும்போது, விழப்போகிறோம் என்று பயப்படுகிறது.

கடைகளில் இதற்கு 'ஜீரோ டிராப்' என்று பெயர். குதிகால் பக்கத்து உயரத்திலிருந்து விரல் பக்கத்து உயரத்தைக் கழித்தால் வருவதுதான் டிராப். சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூக்களில் இது பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர். தட்டை ஷூவில் பூஜ்யம். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தட்டை என்றால் மெல்லிசு என்று அர்த்தமில்லை. அடியில் கனமான மெத்தை வைத்து, அதே சமயம் ஒரே மட்டமாகவும் செய்கிறார்கள். மட்டம் ஒன்று, தடிமன் ஒன்று, முன்பக்க அகலம் ஒன்று. மூன்றும் வேறு வேறு. விற்பவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நாம்தான் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெளியே பார்க்கத் தட்டையாகத் தெரிந்து, உள்ளே குதிகாலுக்கு அடியில் ஒரு மேடு ஒளித்து வைத்திருக்கும் ஷூக்களும் உண்டு. உள்ளே இருக்கும் இன்சோலை உருவிவிட்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'முதன்முதலாக' என்று எழுதினேன் அல்லவா? அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். என் வயதுக்காரர்கள் எல்லோருமே பள்ளிக்கூடத்தில் தட்டை ஷூ போட்டவர்கள்தான். பி.டி. வகுப்புக்கென்று ஒரு வெள்ளை கேன்வாஸ் ஷூ. கீழே ரப்பர் தகடு, மேலே துணி, வேறு ஒன்றும் கிடையாது. முதல் நாள் ராத்திரி துவைத்து, ஈரம் காய்வதற்குள் வெள்ளைப் பாலீஷ் பூசி, அது இல்லாத வீட்டில் சாக்பீஸைத் தேய்த்து ஜன்னலில் வைப்போம். காலையில் அசெம்பிளியில் நிற்கும்போது கால் பக்கம் வெள்ளைப் பொடி உதிரும். அந்த ஷூவுக்கு மெத்தையும் கிடையாது, டிராப்பும் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டுதான் கோ-கோவும் கபடியும் ஆடினோம். இன்றைக்கு அதே தத்துவத்தைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். விலைப் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கேன்வாஸ் ஷூ தட்டையாக இருந்ததே தவிர முன்பக்கம் குறுகல். சுண்டுவிரல் இருக்கும் இடத்தில்தான் முதலில் கிழியும். எந்த வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கிழிசல் நமக்கு ஏதோ சொல்லியிருக்கிறது. நாம்தான் காதில் போட்டுக்கொள்ளாமல் தைத்துப் போட்டுக்கொண்டோம்.

தட்டை ஷூ, வெறுங்கால் ஓட்டம் என்று பேச்செடுத்தாலே உடனே ஒரு பெயர் வந்துவிடும். அபேபே பிகிலா. எத்தியோப்பியா வீரர். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். வெறுங்கால்தான் உசத்தி என்பதற்கு இதை எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவார்கள். கதையின் அடுத்த பாதியைச் சொல்ல மாட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1964 டோக்கியோவில், அதே பிகிலா ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். அப்போதும் தங்கம். நேரம் 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. ஷூவோடுதான் வேகமாக ஓடியிருக்கிறார்! இதை வைத்து ஷூதான் உசத்தி என்றும் வாதாட முடியாது. கால் பிகிலாவுடையது, அதுதான் காரணம்.

2009-ல் கிறிஸ்டோபர் மெக்டூகல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய 'பார்ன் டு ரன்' புத்தகம் வந்த பிறகு இந்த மோகம் உலகம் முழுக்கப் பரவியது. மெக்ஸிகோ மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் தாராஉமாரா மக்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பைக் கட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஓடுகிறார்கள் என்பது அதில் வரும் செய்தி. டயர் செருப்பு நமக்குப் புதிதா என்ன? நம் கிராமங்களில் வயலுக்கும் காட்டுக்கும் போய்வந்தது அதுதான். அமெரிக்காவில் மக்கள் விழுந்தடித்துக்கொண்டு தட்டை ஷூ வாங்கினார்கள். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த விப்ரம் நிறுவனத்தின் ஷூ சக்கைப்போடு போட்டது. பிறகு, கால் தசை வலுப்படும், காயம் குறையும் என்று விளம்பரம் செய்ததற்கு ஆதாரம் எங்கே என்று வழக்கு வந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே 2014-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது அந்த நிறுவனம்.

இதற்கிடையில், 2013-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஏற்கெனவே ஓடிப் பழகிய 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைப் படிப்படியாக அந்த விரல் உறை ஷூவுக்கு மாறச் சொன்னார்கள். இன்னொரு பிரிவு பழைய ஷூவிலேயே ஓடியது. பத்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், புது ஷூவுக்கு மாறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. எலும்பு தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை ஏறுகிறது என்பதற்கு அது அடையாளம். அவசரப்பட்டு மாறியவர்களும் இல்லை இவர்கள். படிப்படியாக மாறியவர்களுக்கே இந்தக் கதி. எங்கள் வடிவமைப்பாளர் தம்பி மெரினாவைப் பற்றிச் சொன்னதன் பொருள் இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

எனக்கு எலும்பு வரை போகவில்லை. ஆடுசதையோடு நின்றது. வீட்டிலிருந்து தெருமுனைக் காய்கறிக் கடை வரை போய்வந்தேன், அவ்வளவுதான். சாயங்காலம் ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும் இரண்டு ஆடுசதையும் கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடமுடியவில்லை. நம் வீடுகளில் 'நரம்பு இழுக்குது' என்பார்களே, அதுதான். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இழுப்பது தசையும் தசைநாரும் என்று எங்களுக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர் சொன்ன ஓர் ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். 2010-ல் வெளியானது. 5 சென்டிமீட்டருக்கு மேல் ஹீல்ஸ் அணிந்து, வாரத்துக்கு 40 மணி நேரமாவது நடமாடி, குறைந்தது இரண்டு வருடமாவது அப்படிக் கழித்த பெண்களின் ஆடுசதையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹீல்ஸ் போடாத பெண்களோடு ஒப்பிட்டால், இவர்களுடைய தசையிழைகள் 13 சதவீதம் நீளம் குறைந்திருந்தன. குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநார் தடித்து விறைத்திருந்தது. குதிகால் எந்நேரமும் உயர்ந்தே இருந்தால், அவ்வளவு நீளம் எதற்கு என்று தசையே தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. அப்படிச் சுருங்கியதை ஒரே நாளில் இழுத்துத் தரையில் வைத்தால் அது கத்தாமல் என்ன செய்யும்?

நாற்பது மணி நேரம் என்பது ஏறக்குறைய நம் ஊர் ஆபீஸ் உத்தியோகக் கணக்குதான். ஆறு நாள், தினம் ஏழு மணி நேரம். அதற்கு மேல் பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பது தனி.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன வழி ரொம்ப எளியது. முதலில் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள், அதுவும் சமையல் முடிகிற வரைக்கும் போதும் என்றார். பிறகு தெரு. பிறகு பூங்கா. வலி இல்லாமல் நடந்தால் மட்டும் தூரத்தைக் கூட்டலாம். மற்ற நேரத்துக்குப் பழைய ஷூவே இருக்கட்டும், அதைத் தூக்கிப் போட வேண்டாம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்க வேண்டும். ஆடுசதை நீளும். தசை பிடித்தால் பரவாயில்லை, இரண்டொரு நாளில் போய்விடும். ஆனால் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் முள் குத்தினாற்போல் வலித்தால், அல்லது பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலித்தால், அந்த ஷூவை உடனே எடுத்து வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். நானும் அழுத்திச் சொல்கிறேன்.

வலிகளை மட்டுமே எழுதினால் அந்த ஷூவுக்குத் துரோகம். ஒரு சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். என் ஷூ தட்டையாக மட்டுமில்லை, மெல்லிசாகவும் இருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையங்களிலும் புதிதாகப் போட்ட சில நடைபாதைகளிலும் மஞ்சள் ஓடு வரிசை ஒன்று போகும், பார்த்திருப்பீர்கள். அதன்மேல் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்கிற அளவில்தான் கண்ணில் பட்டது. இந்த ஷூவோடு நடந்தபோது உள்ளங்காலில் நீளநீளமாகச் சில கோடுகள் தட்டுப்பட்டன. கொஞ்ச தூரம் போனதும் கோடுகள் நின்று உருண்டை உருண்டையாகப் புள்ளிகள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே படிக்கட்டு! கோடு என்றால் நேரே போகலாம், புள்ளி என்றால் கவனம் என்று பொருள். பார்வையற்றவர்களுக்காக ஜப்பானில் செய்ஈச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கிய முறை. 1967-ல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள். கண் தெரிகிற எனக்கு அதைப் படிக்க, மெத்தை இல்லாத ஒரு ஷூ தேவைப்பட்டிருக்கிறது. அதே நடைபாதையில், அந்த மஞ்சள் வரிசைக்குக் குறுக்கே இரண்டு பைக்கும் ஒரு விளம்பரப் பலகையும் நின்றதையும் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் வாகனம் நிறுத்துகிறவர்கள் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியே நடந்து பார்க்கட்டும்.

இன்னொன்று, நடையே மாறுகிறது. பழைய ஷூவில் குதிகாலைத் தொம்மென்று வைத்து நடப்பேன் என்பது எனக்கே தெரியாது. இதில் அப்படி வைத்தால் சுருக்கென்று முழங்கால் வரை ஏறுகிறது. அதனால் அடி தானாகவே குறுகி, பாதம் மெதுவாகத் தரையில் படிகிறது. யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த ஷூவில் எனக்கு அதிகம் சுகம் தந்தது அதன் அகலம்தான். பார்த்ததும் சிரித்தேனே, அதே முன்பக்கம். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக உட்காருகின்றன. சுண்டுவிரல் ஓரத்தில் வருடக்கணக்காக இருந்த காய்ப்பு இப்போது மிருதுவாகிக்கொண்டு வருகிறது. தட்டை அடிக்குப் பழகப் பொறுமை வேண்டும். அகலத்துக்குப் பழக்கம் எதுவும் வேண்டாம். போட்ட நிமிடமே கால் நன்றி சொல்கிறது. தட்டை ஷூ வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள்கூட, அகலமான ஷூவைத் தேடி வாங்குங்கள் என்பேன்.

அகலத்தில்தான் நமக்கு ஒரு பழைய வம்பும் இருக்கிறது. 7, 8 என்று நாம் கேட்டு வாங்கும் எண் இங்கிலாந்துக் கணக்கு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து அந்தக் காலத்தில் வகுத்தது. அது பாதத்தின் நீளத்தை மட்டும்தான் சொல்லும். அகலத்தைப் பற்றி வாயே திறக்காது. நம் பாதமோ சராசரியாக அகலமானது. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. அதை வைத்து நமக்கென்று 'பா' என்ற புதிய அளவு முறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். பாரதத்தின் முதல் எழுத்து. பெண்களுடைய பாதம் 11 வயதை ஒட்டியும் ஆண்களுடையது 15, 16 வயதை ஒட்டியும் வளர்ந்து முடிகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் இன்னமும் "யு.கே. சைஸ் என்ன மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். நீளத்துக்குச் சரியான ஷூவில் பக்கவாட்டில் இறுக்குகிறது என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். அப்புறம் முன்னால் காலி, பின்னால் கழன்று வருகிறது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் நம்மிடம்தான் இருக்கின்றன. ஆனால் ஏற்றுமதி ஆர்டருக்கு, ஷூவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் 'லாஸ்ட்' என்ற பாத அச்சு வாங்குகிற நாட்டுக்காரர் காலுக்குத்தான் அமைகிறது. நம் கைகள் தைக்கின்றன, அளவு மட்டும் யாரோ ஒருவருடையது.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 1992-ல் உதய ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள், 4 முதல் 13 வயது வரையிலான 2300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் நாட்டுக் குழந்தைகள்தான். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். விரல்களை மூடும் ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம், செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை ரோட்டில் வெறுங்காலோடு விடச் சொல்லவில்லை. நம் தெருக்களில் ஆணியும் கண்ணாடிச் சில்லும் என்ன நிலையில் கிடக்கின்றன என்று எனக்கும் தெரியும். வீட்டுக்குள், மாடியில், மணல் கிடைக்கிற இடத்தில் வெறுங்காலோடு ஓடவிடலாமே? எல்.கே.ஜி. குழந்தைக்குக் காலை முதல் மாலை வரை கறுப்பு லெதர் ஷூ கட்டாயம் என்கிற பள்ளிகள் கொஞ்சம் யோசிக்கலாம். இந்த வெயிலில் யாருக்காக அது?

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பத்திதான். தயவுசெய்து விட்டுவிடாமல் படியுங்கள். மெல்லிய சோல் ஷூவும் வெறுங்கால் நடையும் உங்களுக்கு அல்ல. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். கல் குத்தியதும் சுடு தரை சுட்டதும் தெரியாமலே புண்ணாகிவிடும். உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. சில நிமிட வேலை. வலிக்காது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். ரப்பர் போட்ட மெத்தைச் செருப்பைத்தான் எழுதித் தருவார்கள். பார்க்க அழகாக இல்லை என்று அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

எழுதிக்கொண்டு வரும்போது தி.நகர் ஜவுளிக் கடைகளில் சேலை எடுத்துப் போடும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் ஷூவும் போடுவதில்லை, ஹீல்ஸும் போடுவதில்லை. பல கடைகளில் வெறுங்காலோடு, பளபளக்கும் தரையில், பத்து மணி நேரம் நிற்கிறார்கள். அவர்களுடைய கால் வலிக்கு எந்த சோலிலும் மருந்து கிடையாது, உட்காருவதற்கு ஓர் இருக்கைதான் மருந்து. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்துவிட்டது. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தும் யாரும் உட்காரவில்லை என்றால், "ஏம்மா, நீ உட்கார்ந்துக்கோ, நான் பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதலாளி காதில் விழுகிற மாதிரி சொன்னால் இன்னும் நல்லது.

இந்த இதழில் குதிகால் வலி பற்றி எலும்பு மருத்துவர் ஒருவரின் விரிவான பேட்டி வருகிறது. கால் ஆணிக்கு வீட்டு வைத்தியம் எதுவரை, டாக்டர் எப்போது என்றும் அதில் சொல்லியிருக்கிறார். பள்ளி திறக்கும் நேரம் என்பதால் பிள்ளைகளுக்கு ஷூ வாங்குவது குறித்துத் தனிப் பக்கமும் உண்டு.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சாயங்கால நேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் பிள்ளையை நேராக நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். அந்தத் தாளை மடித்துக் கொண்டுபோய், ஷூவின் இன்சோலை உருவி, கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். விரல்கள் இன்சோலுக்கு வெளியே நின்றால் அந்த ஷூ வேண்டாம், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். உங்கள் காலுக்கும் இதையே செய்யுங்கள். எத்தனை கடையில் கோட்டுக்குள் அடங்கும் ஷூ கிடைத்தது, என்ன பதில் சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்